மீன்கொத்தி மட்டும் ஏன் மங்கல்? எந்த ஸ்லைடரைத் தள்ளுவது?

குலைவண்டி | சனி, மதியம் 1.12

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை. ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி எவ்வளவோ வருடம் ஆகிவிட்டது, எங்கள் வீட்டில் இன்னும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. செம்பனை ஆலையில் வேலை. ஓய்வு நாளில் பறவைப் படம்.

கேமரா நிக்கான் டி7500, லென்ஸ் 200-500 மி.மீ. இரண்டுமே கைமாறி வந்தவை. தோட்டத்து அல்லூர் (வடிகால்) ஓரத்தில் ஒரு பழைய கான்கிரீட் தூண் இருக்கிறது. வெண்தொண்டை மீன்கொத்தி ஒன்று தினமும் அதில் வந்து உட்காரும். நாலு வாரமாக அதைத்தான் எடுக்கிறேன். கேமராவின் பின்திரையில் பார்த்தால் ஜோராக இருக்கிறது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் இறகெல்லாம் சவர்க்கார நுரை மாதிரி கரைந்து கிடக்கிறது. லைட்ரூம் மென்பொருளில், கூர்மையைக் கூட்டும் ஷார்ப்பனிங் ஸ்லைடரை 100 வரை தள்ளினேன். பறவையைச் சுற்றி வெள்ளைக் கோடு வந்ததுதான் மிச்சம்.

500 மி.மீ., லென்ஸ் திறப்பு எஃப்5.6, ஷட்டர் வேகம் 1/320 நொடி, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400. தூரம் 40 மீட்டர் இருக்கும். நேரம் காலை பத்தரை. தூண் செம்பனை நிழலில் இருக்கிறது, நான் செம்மண் சடக்கில் (சாலையில்) நின்று எடுக்கிறேன். ஸ்டாண்ட் கிடையாது, எதிலாவது சாய்த்து வைத்துக்கொள்வேன்.

எந்த ஸ்லைடரை எவ்வளவு தள்ள வேண்டும் என்று யாராவது சொன்னால் போதும்.

ஜாகா மகன் | சனி, மதியம் 1.30

எல்லா ஸ்லைடரையும் சுழியத்துக்குக் கொண்டுவந்து விட்டுப் போய்ப் படுங்கள். பத்தரை மணி வெயிலில் மீன்கொத்தியே நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறது.

நீர்க்காகம் | சனி, பின்னேரம் 5.48

தம்பி, ஸ்லைடருக்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் கேமராவின் சென்சார் அகலம் 23.5 மி.மீ., படத்தின் அகலம் 5568 புள்ளிகள் (பிக்சல்). 500 மி.மீ. லென்ஸில் 40 மீட்டர் தள்ளிப் பார்த்தால் படத்துக்குள் விழுவது ஏறக்குறைய 1.9 மீட்டர் அகல உலகம். மீன்கொத்தி மூக்கிலிருந்து வால் வரை 28 செ.மீ. அப்படியென்றால் பறவைக்குக் கிடைப்பது 830 புள்ளிகள்தான். அதில் தலைக்கு எவ்வளவு, கண்ணுக்கு எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இதே பறவை 15 மீட்டரில் இருந்தால் 2200 புள்ளிகள். நீளத்தில் இரண்டரை மடங்குக்கு மேல், பரப்பில் ஏழு மடங்கு. ஏழு மடங்கு விவரத்தை எந்த மென்பொருளும் உண்டாக்கித் தராது. தருகிறேன் என்று சொல்வது கற்பனையைத்தான் தரும்.

அடுத்தது வேகம். 1/320 எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. லென்ஸில் இருக்கும் விஆர் உங்கள் கை ஆட்டத்தைத்தான் அடக்கும், பறவையின் ஆட்டத்தை அடக்காது. மீன்கொத்தி சிலை மாதிரி உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும், ஆனால் தலையை வெடுக் வெடுக்கென்று ஆட்டும். உட்கார்ந்த பறவைக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000-க்கு மேல் என்று பழகுங்கள். ஐஎஸ்ஓ ஏறுகிறதே என்று பயப்படாதீர்கள். அதனால் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஆடிப்போன படத்தை யாராலும் நிறுத்தி வைக்க முடியாது.

மங்கல் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம், ஆனால் அதில் மூன்று வகை உண்டு. படத்தை 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். பறவை மங்கலாக இருந்து, முன்னாலோ பின்னாலோ ஒரு புல் கூர்மையாக இருந்தால் குவியம் தவறியிருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டு இரட்டைக் கோடாகத் தெரிந்தால் கை ஆட்டம். எதுவுமே கூர்மையாக இல்லாமல், அடுத்தடுத்த படங்களில் ஒன்று பரவாயில்லை, ஒன்று மோசம் என்று மாறி மாறி வந்தால் காற்று. வெப்பக் காற்று.

நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். அதே இடம், அதே நேரம், 1/1600 வைத்து இருபது படம் தொடர்ச்சியாக. பறவை வராவிட்டாலும் தூணை எடுங்கள்.

குலைவண்டி | ஞாயிறு, மதியம் 12.20

எடுத்தேன் அண்ணே. 1/1600, ஐஎஸ்ஓ 2000. மீன்கொத்தி வந்தது. இருபத்திரண்டு படத்தில் மூன்று சுமார், மற்றதெல்லாம் பழைய கதைதான். இரட்டைக் கோடு இல்லை.

இன்னொன்று கவனித்தேன். தூணின் விளிம்பு நேர்க்கோடுதானே. படத்தில் அது நேராக இல்லை. தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்தால் விரல் நெளியுமே, அந்த மாதிரி. படத்துக்குப் படம் நெளிவு வேறு வேறு இடத்தில். ஒரு படத்தில் மீன்கொத்தியின் சிவப்பு மூக்கு நடுவில் ஒடிந்து ஒட்டியது போலவே இருக்கிறது.

நீர்க்காகம் | ஞாயிறு, மதியம் 12.41

அப்போது 1/320-ஐ நான் வீணாகத் திட்டிவிட்டேன். இது காற்றுதான். செம்மண் சடக்கு சூடேறி, அதன்மேல் எழும் காற்றின் வழியாகத்தான் பார்க்கிறீர்கள். ஆனாலும் 40 மீட்டருக்கு இது அதிகம். 200 மீட்டரில் பருந்து எடுக்கும்போதுதான் எனக்கு இவ்வளவு நெளியும்.

கரும்பலகை | ஞாயிறு, பின்னேரம் 4.05

தம்பி, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் இருந்தவன், கேள்வி கேட்டே பழகிவிட்டது. "எதிலாவது சாய்த்து வைத்துக்கொள்வேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எதில்?

குலைவண்டி | ஞாயிறு, பின்னேரம் 4.11

மோட்டாரில் சார், மோட்டார் சைக்கிள். ஹோண்டா ஈஎக்ஸ்5. சீட்டின்மேல் துண்டைப் போட்டு, அதில் லென்ஸை வைத்து, இந்தப் பக்கம் குந்திக்கொண்டு எடுப்பேன். நல்ல பிடிப்பாக இருக்கும்.

கரும்பலகை | ஞாயிறு, பின்னேரம் 4.30

வந்து நின்று எவ்வளவு நேரத்தில் எடுக்கிறீர்கள் என்று கேட்கலாம் என்றிருந்தேன், தேவையில்லை. வீட்டிலிருந்து ஓட்டி வந்த மோட்டார். இஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து எழும் சூடு உங்கள் லென்ஸின் வாய்க்கு நேர் முன்னால் மேலே போகிறது. நீங்கள் அந்தத் திரை வழியாகத்தான் நாலு வாரமாக மீன்கொத்தியைப் பார்த்திருக்கிறீர்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் இதையே காடியில் (காரில்) செய்திருக்கிறேன். ஏர்கோனைப் போட்டுக்கொண்டு, சன்னலை இறக்கி, உள்ளிருந்தபடியே பூநாரை, கொக்கு என்று எடுத்துத் தள்ளினேன் (பூநாரை என்று நான் நினைத்தது செந்நாரை, அது வேறு கதை). உள்ளே குளிர், வெளியே சூடு, இரண்டும் சன்னலில்தான் கலக்கும். ஒரு படமும் தேறவில்லை. லென்ஸைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். கடைக்காரர் ஒரு வாரம் வைத்திருந்து, லென்ஸில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி 80 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார்.

ஜாகா மகன் | ஞாயிறு, பின்னேரம் 4.44

மோட்டாரைத் தள்ளி நிறுத்தச் சொல்வது சுலபம். எங்கள் சுங்கை சிப்புட்டில் மோட்டாரைத் தள்ளி நிறுத்தினால் அது தானாகவே இன்னும் தள்ளிப் போய்விடும்.

குலைவண்டி | திங்கள், இரவு 9.15

சார், கும்பிடுகிறேன். இன்று வேலை முடிந்து வந்து, வீட்டுக்குப் பின்னாலேயே சோதித்தேன். சுவரில் ஒரு நாள்காட்டித் தாளை ஒட்டி, 20 மீட்டர் தள்ளி மோட்டாரை நிறுத்தி, பழையபடி சீட்டில் வைத்துப் பத்துப் படம். அப்புறம் மோட்டாரை எடுத்துவிட்டு, அம்மாவின் ஆட்டுக்கல் பக்கத்தில் இருந்த முக்காலியில் வைத்துப் பத்துப் படம். முதல் பத்தில் தேதி படிக்க முடிகிறது, கீழே இருக்கும் ராகுகாலம் படிக்க முடியவில்லை. இரண்டாவது பத்தில் எமகண்டம், குளிகை எல்லாமே படிக்கலாம்.

நாலு வாரம்!

கரும்பலகை | செவ்வாய், காலை 6.50

மோட்டார் பாதி. மீதி உங்கள் பத்தரை மணி. நம் ஊரில் சூரியன் ஏழு, ஏழேகாலுக்கு எழுகிறது. பூமத்தியரேகைப் பக்கம் இருப்பதால் சாய்வாக ஏறாமல் ஏறக்குறைய நெட்டுக்குத்தாகவே ஏறும், மணிக்குச் சுமார் 15 டிகிரி. பத்தரைக்கு அது பாதி வானத்தைத் தாண்டியிருக்கும். மூக்கின் நிழல் தொண்டையில் விழும், கண் குழிக்குள் போய்விடும். மேலைநாட்டுக்காரர்கள் பொன்னொளி என்று இரண்டு மணி நேரம் வைத்திருக்கிறார்களே, நமக்கு ஏழேகாலிலிருந்து எட்டே முக்கால் வரைதான். பசியாறுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பற்றி. செம்பனைக் காட்டில் வரிசைக்கு வரிசை வெட்டிய மட்டைகளை அடுக்கிப் போட்டிருப்பார்கள். அதைவிட நல்ல மறைவு காசு கொடுத்தாலும் கிடைக்காது. தூணுக்குப் பதினைந்து மீட்டரில் ஒரு மட்டை அடுக்கு இருந்தால் அதற்குப் பின்னால் முக்காலி போட்டு, மீன்கொத்தி வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். பறவையை நோக்கி நடக்கக் கூடாது, பறவையை நம்மிடம் வரவிட வேண்டும். தூண் அதற்குச் சொந்த இடம், போனாலும் திரும்பி வரும். ஆனால் அடுக்கின்மேல் சாய்ந்துவிடாதீர்கள். எலி இருக்கும் இடம் அது. எலி இருந்தால் நாகமும் இருக்கும். நாலடி தள்ளியே உட்காருங்கள். முதல் நாள் ஜாகாவிடமும் (காவலாளி) மண்டோரிடமும் (மேற்பார்வையாளர்) சொல்லிவிடுங்கள், மருந்தடிக்கும் நாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏர்கோன் அறையில் கேமராவை வைக்கும் வழக்கம் இருந்தால் முந்தைய இரவே வெளிக்கூடத்தில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஏழரை மணிக்கு லென்ஸ் முழுக்கப் பனி பூத்து, துடைக்கத் துடைக்கப் பூத்து, மீன்கொத்தி வந்து மீன் பிடித்துச் சாப்பிட்டும் போயிருக்கும்.

கொங்குக்காரன் | செவ்வாய், மாலை 6.22

கோயம்புத்தூரிலிருந்து படிக்கிறேன். ஸ்டாண்டுக்குப் பதில் ஒரு யோசனை: பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, இரண்டு பக்கமும் தைத்து, உள்ளே இரண்டு கிலோ பச்சைப்பயறு. முக்காலிமேல் போட்டு லென்ஸை அழுத்தினால் அசையாது. எங்கள் குளத்துக்கரையில் பாதிப்பேர் இதைத்தான் வைத்திருக்கிறோம். ஆறு மாதத்தில் வண்டு வரும், அப்போது மாற்றிக்கொள்ளுங்கள். அரிசி போட்டால் மாவு பறந்து லென்ஸில் ஒட்டும்.

குலைவண்டி | சனி, மதியம் 12.08

போன வாரம் கேட்டவன் இந்த வாரம் வேறு ஆளாக வந்திருக்கிறேன்.

காலை 7.05-க்கே உட்கார்ந்துவிட்டேன். 7.50-க்கு மீன்கொத்தி வந்தது. தூரம் 16 மீட்டர். 1/640, எஃப்5.6, ஐஎஸ்ஓ 3200. ஒளி குறைவு, 1/1000 போக மனம் வரவில்லை, பயற்று மூட்டையை நம்பி எடுத்தேன். 140 படம். கணினியில் திறந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையின் பழுப்பு முடி தனித்தனியாகத் தெரிகிறது. மூக்கில் ஒரு காய்ந்த மீன் செதில் ஒட்டியிருக்கிறது. அது நாலு வாரமும் ஒட்டியிருந்ததோ என்னவோ.

புதுப் பிரச்சினைகள்: தொண்டை வெள்ளை வெறும் வெள்ளையாகப் போய்விட்டது, உள்ளே ஒரு இறகும் இல்லை. வயிற்றுப் பக்கம் பச்சையடிக்கிறது, பறவைக்குப் பாசி பிடித்த மாதிரி. நிழலில் புள்ளி புள்ளியாக இரைச்சல்.

நீர்க்காகம் | சனி, மதியம் 1.35

வெள்ளைக்கு நான், மற்ற இரண்டுக்கும் வேறு யாராவது.

கேமரா எதைப் பார்த்தாலும் மொத்தத்தையும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். உங்கள் படத்தில் முக்கால்வாசி செம்பனை நிழல். ஐயோ இருட்டாக இருக்கிறதே என்று அது ஒளியைக் கூட்டிவிட்டது, சின்ன வெள்ளைத் தொண்டை வெந்துபோனது. இந்த இடத்தில் ஒளி ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) −0.7 அல்லது −1 வையுங்கள். டி7500-இல் வெண்மைக்கு முன்னுரிமை கொடுக்கும் ஒளி அளவீடு ஒன்று இருக்கிறது, நட்சத்திரக் குறி போட்டிருக்கும். கொக்குக்கும் மீன்கொத்திக்கும் நான் அதைத்தான் போடுகிறேன். எடுத்ததும் வெந்த இடம் கண்சிமிட்டிக் காட்டும் திரையைப் பாருங்கள். தொண்டை லேசாகச் சிமிட்டினால் ரா ஃபைலில் (கேமரா பதிந்த மூலக் கோப்பில்) கொஞ்சம் மீட்கலாம், முழுதாகச் சிமிட்டினால் போனது போனதுதான்.

எப்போதும் குறைக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். மறுநடவுக் காட்டில் கருந்தோள் பருந்து அந்தரத்தில் நின்று சிறகடிக்குமே, அதை வெளுத்த வானத்தில் எடுத்தால் நேர்மாறு. +1, சில நாள் +1.7 கூடப் போகும், இல்லாவிட்டால் கரிக்கட்டைதான். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்புங்கள்.

ஒளிவட்டம் | சனி, இரவு 10.50

கிள்ளானில் கல்யாண ஸ்டூடியோவில் எடிட்டிங் செய்கிறேன். பறவை எடுக்கத் தெரியாது, ஆனால் பறவைக்கும் பட்டுப்புடவைக்கும் கணினியில் பெரிய வித்தியாசம் இல்லை. தம்பி அந்த ரா ஃபைலை அனுப்பியிருந்தார், உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் 140 படத்தை ஆறாக்கச் சொன்னேன். அதற்கே அழுதார். கண்ணில் ஒளிப்புள்ளி இல்லாதது, தலை அந்தப் பக்கம் திரும்பியது, வாலுக்குப் பின்னால் மட்டை முளைத்தது எல்லாம் போகட்டும். நல்ல படத்துக்கு எடிட்டிங் பத்து நிமிடம், சுமாரான படத்துக்கு இரண்டு மணி நேரம், முடிவில் அதுவும் சுமார்தான்.

பச்சை எங்கிருந்து வருகிறது தெரியுமா? செம்பனை ஓலை வழியாக இறங்கி, கீழே புல்லில் பட்டுத் திரும்பும் ஒளி. மரத்தடியில் மணப்பெண்ணை நிற்க வைத்தால் தாடையின் கீழே இதே பச்சைதான் வரும், அம்மாக்கள் "என் பிள்ளைக்கு என்ன மஞ்சள்காமாலையா" என்று கேட்பார்கள். படம் முழுவதற்கும் டின்ட்டை (பச்சை-மெஜந்தா சாயல் ஸ்லைடரை) மெஜந்தா பக்கம் தள்ளினால் பறவை சரியாகும், இலையெல்லாம் செத்துப்போகும். திருத்தம் பறவையில் மட்டும் நிற்கும்படி மாஸ்க் போடுங்கள். இப்போது சப்ஜெக்ட் மாஸ்க் ஒரே தட்டலில் வந்துவிடுகிறது, கால் விரலையும் தூணின் மேல்பக்கத்தையும் மட்டும் பிரஷ்ஷால் சரிபார்க்க வேண்டும். இந்தப் படத்துக்கு டின்ட் 12 போதுமாக இருந்தது. அதுவும் வயிற்றுக்குத்தான், முதுகுக்கு வேண்டாம்.

முதுகுக்கு வேறு வம்பு. மணப்பெண்ணின் அரக்குச் சிவப்புப் புடவையில் ஜரிகைக்குப் பக்கத்தில் மடிப்பே தெரியாமல் ஒரே சிவப்புக் குட்டையாக வரும் பார்த்திருக்கிறீர்களா? மொத்த வரைபடம் (ஹிஸ்டோகிராம்) நல்லாத்தான் இருக்கும், சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும். மீன்கொத்தியின் முதுகில் நீலம் அதையே செய்கிறது. தம்பி சாச்சுரேஷனை 30 ஏற்றியிருந்தார். அதை எடுத்துவிட்டேன். அப்புறம் நீலத்தையும் நீலப்பச்சையையும் மட்டும் தனியாகப் பத்து இறக்கி, அவற்றின் லூமினன்ஸையும் (வெளிச்சம்) கொஞ்சம் இறக்கினேன். உடனே இறகின் வரிகள் வெளியே வந்துவிட்டன. நிறத்தைக் குறைத்தால் நிறம் கூடித் தெரியும். புடவையிலும் இப்படித்தான்.

இரைச்சலை ரா ஃபைலிலேயே, மற்ற வேலைக்கு முன்னால் குறைத்துவிட வேண்டும். ஐஎஸ்ஓ 3200-க்கு லைட்ரூமின் டீனாய்ஸ் 35-40 போதும். 80 வைத்தால் மீன்கொத்தி பிளாஸ்டிக் பொம்மையாகும். மாதச் சந்தா கட்ட முடியாதவர்களுக்கு டார்க்டேபிள் என்ற மென்பொருள் இலவசம். பழகக் கொஞ்சம் நாள் எடுக்கும், வேலை குறைவில்லை.

கடைசியாக நீங்கள் முதலில் கேட்ட ஷார்ப்பனிங். அளவு 50, ரேடியஸ் 0.8. அதன் கீழே மாஸ்கிங் என்று ஒன்று இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே அதை நகர்த்துங்கள், திரை கறுப்பு வெள்ளையாகும். வெள்ளையாக இருக்கும் இடம் மட்டும் கூர்மையாகும். கண், மூக்கு, இறகு விளிம்பு வெள்ளையாகவும் பின்னணி முழுக் கறுப்பாகவும் ஆகும் வரை நகர்த்தி விட்டுவிடுங்கள். பின்னணியைக் கூர்மையாக்கி என்ன செய்யப் போகிறோம், இரைச்சலைத்தான் கூர்மையாக்குவோம். நீங்கள் சொன்ன வெள்ளைக் கோடு ஷார்ப்பனிங்கை 100 வரை தள்ளியதால் வந்தது.

வெளியே எடுக்கும்போது நீளப் பக்கம் 2048 புள்ளிகள், நிறவெளி எஸ்ஆர்ஜிபி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் செய்ததையெல்லாம் அது நசுக்கிவிடும்.

குலைவண்டி | ஞாயிறு, காலை 11.02

நன்றி அக்கா. இன்னொரு சந்தோஷமான விஷயம். அந்த நாலு வாரத்துப் பழைய படங்களை வீணாக்க மனமில்லாமல் ஒரு ஏஐ மென்பொருளில் போட்டேன். நம்பமாட்டீர்கள், இறகு இறகாக வந்துவிட்டது! இணைத்திருக்கிறேன். இப்படி இருக்கும்போது காலை ஆறரைக்கு எழுந்து நாகத்தோடு உட்கார வேண்டுமா?

கரும்பலகை | ஞாயிறு, மதியம் 2.40

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் தம்பி. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நிஜ மீன்கொத்தியின் தொண்டை மெத்தென்று ஒரே வெள்ளை. உங்கள் ஏஐ படத்தில் அங்கே கோழி இறகு மாதிரி வரிவரியாகத் தண்டு தெரிகிறது. மூக்கின் நெளிந்த இடத்தை மென்பொருள் வளைவு என்று எடுத்துக்கொண்டு, நன்றாகக் கூர்மையாக்கி, கிளிக்கு மாமன் மகன் மாதிரி ஆக்கிவிட்டது. மோட்டார் சூட்டில் நெளிந்த காற்றை அது பறவையின் உடம்பு என்று நம்பிவிட்டது.

எனக்கு இது ரசனைப் பிரச்சினை மட்டும் இல்லை. நான் பார்த்த பறவைகளை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் போடுகிறேன், படங்கள் மெக்காலே நூலகம் என்ற காப்பகத்துக்குப் போகின்றன. யாரோ ஒருவர் பிற்காலத்தில் அதைப் பார்த்து, பத்தாங் பெர்ஜுந்தையில் இந்த மாதத்தில் இந்த வயதுப் பறவை இருந்தது என்று எடுத்துக்கொள்வார். கருந்தோள் பருந்தில் பெரியதற்குக் கண் இரத்தச் சிவப்பு. குஞ்சுக்கு அந்தச் சிவப்பு இல்லை, மார்பில் லேசாகத் துரு நிறம், முதுகில் வெள்ளை விளிம்பு. நீங்கள் துருவை அழுக்கு என்று நினைத்து நீக்கி, கண்ணுக்குச் சிவப்பு ஏற்றினால் குஞ்சுக்கு ஒரே நாளில் வயது வந்துவிடும். பெரிய கொக்கும் அப்படித்தான். இனப்பெருக்கக் காலத்தில் மூக்கு கறுக்கும், மற்ற நாளில் மஞ்சள். நிழலை இழுத்து, மஞ்சளை ஏற்றி விளையாடினால் பருவமே மாறிவிடும்.

ஆறரைக்கு எழுந்திருங்கள்.

ஒளிவட்டம் | ஞாயிறு, இரவு 9.20

வாத்தியார் சொல்வது சரி, ஆனால் ஏஐ என்று ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். நான் சொன்ன டீனாய்ஸும் அதுதான். பதிவான விவரத்தின் மேலிருக்கும் தூசியைத் தட்டுவது ஒன்று, இல்லாத இடத்தில் வரைவது வேறு. எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், மூலப்படத்தையும் எடிட் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதில் மங்கலாகவாவது இல்லாத ஒரு வரி புதியதில் இருந்தால் அது உங்கள் படம் இல்லை.

ஆனால் குப்பையை எடுப்பதில் நான் வாத்தியார் கட்சி இல்லை. தம்பியின் நல்ல படத்தில் தூணுக்குப் பின்னால் அல்லூரில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பை மிதக்கிறது. கண் நேராக அங்கேதான் போகிறது. நான் எடுத்துவிட்டேன். பறவையைத் தொடவில்லையே.

நீர்க்காகம் | ஞாயிறு, இரவு 9.47

வீட்டுச் சுவரில் மாட்ட என்றால் எடுங்கள். போட்டிக்கு என்றால் வேண்டாம். பெரும்பாலான இயற்கைப் படப் போட்டிகளில் எதையும் சேர்க்கவும் கூடாது நீக்கவும் கூடாது, ரா ஃபைலைக் கேட்பார்கள். வெட்டலாம், ஒளி நிறம் திருத்தலாம், அவ்வளவுதான். எனக்கென்னவோ அந்தப் பை இருக்கட்டும். நம் அல்லூர் அப்படித்தானே இருக்கிறது.

அதைவிட, அடுத்த முறை முக்காலியை இரண்டடி இடப்பக்கம் நகர்த்தினால் பையைத் தூண் மறைத்துவிடும். கொஞ்சம் தாழ்ந்தும் உட்காருங்கள். பறவையின் கண்ணும் லென்ஸும் ஒரே மட்டத்தில் வந்தால் பின்னணி தூரமாகிக் கரைந்துபோகும்.

இன்னொன்று, இதோடு ஒட்டாததுதான் என்றாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் பழைய ஈயக்குட்டை (ஈயச்சுரங்கம் விட்டுப்போன குட்டை) மணல் திட்டுகள் இருக்குமே. நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் அந்த மாதிரி மணல் தரையில்தான் குழி தோண்டிக் கூடு கட்டும். படம் எடுக்கிறேன் என்று நாலு பேர் அதன்மேல் நடந்து நான் பார்த்திருக்கிறேன். கூட்டுப் படம் வேண்டாம். பாட்டுப் போட்டுப் பறவையைக் கூப்பிடுவதும் வேண்டாம்.

குலைவண்டி | அடுத்த சனி, காலை 10.34

இரண்டடி தேவைப்படவில்லை அண்ணே. ஒன்றரை அடியிலேயே பை மறைந்துவிட்டது. முக்காலியை விட்டுவிட்டுச் சாக்கு விரித்துத் தரையில் உட்கார்ந்தேன், நாகம் வரவில்லை, கட்டெறும்பு வந்தது. 8.10-க்கு மீன்கொத்தி ஒரு நண்டோடு வந்து, தூணில் நாலு அடி அடித்துவிட்டு விழுங்கியது. −0.7, 1/1000, ஐஎஸ்ஓ 2500. தொண்டையில் இறகு இருக்கிறது. பச்சை கொஞ்சம் இருந்தது, டின்ட் 8. மற்றபடி ஒன்றும் செய்யவில்லை. ஷார்ப்பனிங் அக்கா சொன்ன 50-தான், அதைக் கூட 40 ஆக்கிவிட்டேன்.

பழைய நாலு வாரத்துப் படங்களை அழித்துவிட்டேன். மூக்கு ஒடிந்தது ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன்.

ஜாகா மகன் | அடுத்த சனி, காலை 10.51

படம் அருமை. மோட்டாரை எங்கே விட்டீர்கள்?

குலைவண்டி | அடுத்த சனி, காலை 10.53

ஐம்பது அடி தள்ளி, சடக்கில். சங்கிலி போட்டுப் பூட்டி, கண்ணாடியில் தெரியும்படி.

கரும்பலகை | அடுத்த சனி, காலை 11.20

எந்தக் கண்ணாடியில்? மீன்கொத்தியைப் பார்த்தீர்களா, மோட்டாரைப் பார்த்தீர்களா?